சம்பாதித்தது யார்?

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, விடிவதற்கு முன்பே பாய்லர் கொதிக்கும் டீக்கடைகள் உண்டு. முதல் ஷிப்டுக்குப் போகிற தொழிலாளிகள் அங்கேதான் கம்பெனி பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள். முடிச்சூர், படப்பை, ஒரகடம் என்று அந்தப் பஸ்கள் போகும். 2024 செப்டம்பரில் ஒரு நாள், ஒரகடத்தில் வேலை செய்யும் இளம் தோழர் ஒருவர் பெஞ்சில் கிடந்த பத்திரிகையை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

“தோழரே, சுங்குவார்சத்திரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இந்தப் பேப்பரில் மூலையில் இருக்கிறது. கம்பெனி சொல்வது மட்டும் மேலே இருக்கிறது. பக்கத்துக்குக் காசு கொடுக்கிறார்களா?”

“காசு கொடுத்திருந்தால் ‘விளம்பரம்’ என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். இது காசு கொடுக்காமல் வாங்கிய இடம்” என்றோம். அவர் நம்பவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே, “காசில்லாமல் எவன் இடம் கொடுப்பான்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தத் தோழருக்கும், அவரைப்போல் கேட்கும் ஆயிரமாயிரம் பேருக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மூன்று கடைகள்

முதலாளிகளின் விளம்பரத் தொழிலில் மூன்று கணக்கு வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்துப் போடும் விளம்பரம் ஒன்று. கம்பெனி தன் சொந்தப் பெயரில் வெளியிடுவது இரண்டாவது. நிருபரைக் கொண்டு, பத்திரிகையின் சொந்தச் செய்தியாகவே வரவைப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஏர்ன்ட் மீடியா’. அதாவது, ‘சம்பாதித்த இடம்’.

சம்பாதித்ததாம்! வார்த்தையைக் கவனியுங்கள் தோழர்களே. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து, கால் வீங்கி, மாதக் கடைசியில் கையில் வாங்குவதைத்தான் நாம் சம்பாத்தியம் என்கிறோம். நாற்று நட்டு, களை பறித்து, இடுப்பொடிந்து பெறுவதைத்தான் நம் பெண்கள் கூலி என்கிறார்கள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஒருவர் நிருபருக்கு டெலிபோன் செய்து மறுநாள் காலை நாலு பத்தி வாங்கினால், அதுவும் சம்பாத்தியமாம்!

இதை ஏன் விரும்புகிறார்கள்? விளம்பரம் என்று தெரிந்தால் வாசகன் பாதியைத்தான் நம்புவான். ‘நமது நிருபர்’ என்று போட்டால் முழுவதையும் நம்புவான். நிருபர் மீது ஜனங்கள் வைத்திருக்கும் அந்த நம்பிக்கையைத்தான் கம்பெனி இலவசமாக எடுத்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கை கம்பெனியின் சொத்தா? இல்லை. சிறைக்குப் போன ஆசிரியர்களும், பறிமுதலான அச்சகங்களும், கால்நடையாக ஊர் ஊராகப் போய்ச் செய்தி சேகரித்த நிருபர்களும் சேர்த்து வைத்த சொத்து அது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாட்களில் தேசபக்தனில் எழுதிய திரு.வி.க.வும், 1923-ல் ‘தொழிலாளன்’ நடத்திய சிங்காரவேலரும் சேர்த்து வைத்த சொத்து அது.

எப்படி நடக்கிறது?

கம்பெனி ஒரு பி.ஆர். ஏஜென்சியை அமர்த்துகிறது. எந்தப் பத்திரிகையில் எந்த நிருபர் எந்தத் துறையைப் பார்க்கிறார், எத்தனை மணிக்கு அவருக்குப் பக்கம் மூடும், எப்படிப்பட்ட செய்தி அவருடைய ஆசிரியருக்குப் பிடிக்கும் என்ற பட்டியல் அவர்களிடம் உண்டு. தலைப்பு முதல் கடைசி வரி வரை எழுதிய குறிப்பு, அதிகாரியின் படம், அவர் சொன்னதாக இரண்டு வாக்கியம், நாலு புள்ளிவிவரம் எல்லாம் தயாராகப் போய்ச் சேரும். “உங்களுக்கு மட்டும்தான் தருகிறோம்” என்று ஒருவருக்கு ஆசை காட்டுவார்கள். “நாளைக் காலை வரை வெளியிட வேண்டாம்” என்று இன்னொருவரிடம் சொல்லி, எல்லாப் பத்திரிகையிலும் ஒரே நாளில் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். பெரிய ஓட்டலில் நிருபர் கூட்டம், சாப்பாடு, கையில் ஒரு பை. இன்னும் பெரிய காரியமானால் காரிலும் விமானத்திலும் அழைத்துப்போய்த் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவார்கள்.

சுற்றிக் காட்டும்போது எந்த வாசல் வழியாக அழைத்துப் போவார்கள்? காண்ட்ராக்ட் தொழிலாளிகள் வரிசையில் நிற்கும் வாசல் வழியாகவா? ஒருநாளும் இல்லை!

கேட்டது சங்கம், சொன்னது சம்பளம்

இப்போது சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். சாம்சங் தொழிற்சாலையில் சுமார் 1,800 தொழிலாளிகள். குளிர்பெட்டி, டெலிவிஷன், சலவை இயந்திரம் செய்கிறவர்கள். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் தலையாய கோரிக்கை, சி.ஐ.டி.யு. ஆதரவுடன் தாங்கள் அமைத்த சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்துப் பேச வேண்டும் என்பது.

இதற்குக் கம்பெனி பத்திரிகைகளுக்குச் சொன்னது என்ன? தன் தொழிலாளிகளின் சராசரி மாதச் சம்பளம், இந்த வட்டாரத்தில் மற்றக் கம்பெனிகளில் இதே போன்ற வேலை செய்கிறவர்கள் வாங்குவதைப் போல் 1.8 மடங்கு என்றது. அந்த 1.8 எங்கும் பரவியது. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் போனது; உலகச் செய்தி ஏஜென்சிகளுக்கும் போனது.

கேட்டது சங்கம், பதிலாகச் சொன்னது சம்பளம்! சரி, சம்பளத்தையே பார்ப்போம். எந்த மற்றக் கம்பெனிகள்? நாம் படித்த செய்திகளில் ஒரு கம்பெனியின் பெயர்கூட இல்லை. எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர்களை எவரோடு ஒப்பிட்டார்கள்? அதுவும் இல்லை. அன்று வந்த ஏஜென்சிச் செய்திகளின்படி அந்தத் தொழிலாளிகளின் சராசரி மாதச் சம்பளம் 25,000 ரூபாய். அதை மூன்று ஆண்டுகளில் 36,000 ஆக்கக் கேட்டார்கள். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கடன் தவணை போனபின் 25,000 ரூபாயில் என்ன மிஞ்சும் என்று தாம்பரத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் குறைவாக வாங்குகிறான் என்பது பக்கத்து வீட்டுக்காரன் சங்கம் வைக்க வேண்டியதற்குக் காரணமே தவிர, இவன் வாய்மூடிப் போவதற்குக் காரணமா?

அக்டோபர் 7 அன்று இன்னொரு செய்தி. போராடுகிற சங்கத்தை விட்டுவிட்டு, நிர்வாகம் வேறொரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. மந்திரிகளே அதை நிருபர்களிடம் அறிவித்தார்கள். 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, எல்லாத் தடங்களிலும் ஏ.சி. பஸ் என்று பட்டியல் வந்தது. படித்தவர்கள் தகராறு தீர்ந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை! மறுநாளே தலைவர்கள் கைதானார்கள். போலீஸ் பந்தலைப் பிரித்தது. பிரித்த பின்னும் தொழிலாளிகள் வெறும் தரையில் கூடினார்கள். 37 நாள் நின்று, அக்டோபர் 15 அன்று பேச்சுவார்த்தை முடிவில்தான் போராட்டத்தை முடித்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவும் ஆனது.

பத்திரிகையில் ஏ.சி. பஸ் ஓடியது; தொழிலாளிக்கு வேண்டியிருந்தது சங்கம். நிருபர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பந்தலுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, தொழிலாளியின் வாயிலிருந்து கேட்டு எழுதியவர்களும் உண்டு. அவர்களால்தான் இந்தப் போராட்டம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

நூறு ஆண்டுப் பழைய வித்தை

இந்த வித்தை இங்கே முளைத்ததல்ல. அமெரிக்காவில் ஐவி லீ என்று ஒருவர் இருந்தார். 1906-ல் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வே கம்பெனியின் ரயில் கவிழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, கம்பெனியின் அறிக்கையை எழுதி நிருபர்களுக்கு விநியோகித்தவர் அவர். பத்திரிகைக் குறிப்புகளில் அதுவே முதலாவது என்று அந்தத் தொழில்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

1913-ல் கொலராடோவில் நிலக்கரித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கம்பெனி ராக்ஃபெல்லர் குடும்பத்தினுடையது. கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் லட்லோ என்ற இடத்தில் கூடாரம் அடித்துப் பனிக்காலத்தைக் கழித்தன. 1914 ஏப்ரல் 20 அன்று படையினரும் கம்பெனிக் காவலர்களும் கூடாரங்கள் மீது சுட்டார்கள், தீ வைத்தார்கள். ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள்.

ராக்ஃபெல்லர் என்ன செய்தார்? ஐவி லீயை அமர்த்தினார். அவர் ‘உண்மைகள்’ என்ற பெயரில் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்துப் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் அனுப்பினார். சங்கத் தலைவர்கள் ஓராண்டில் பெற்றதை ஒன்பது வாரத்தில் பெற்றதாக அதில் கணக்குக் காட்டினார். பிறகு விசாரணைக் கமிஷன் முன் குட்டு வெளிப்பட்டது. கணக்கைக் கம்பெனியே கொடுத்தது, தான் சரிபார்க்கவில்லை என்பதே அவருடைய சமாதானம்! அப்டன் சின்க்ளேர் என்ற எழுத்தாளர் அவருக்கு விஷக்கொடி என்று பெயர் சூட்டினார்.

லட்லோவும் சுங்குவார்சத்திரமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அங்கே துப்பாக்கி சுட்டது, குழந்தைகள் மாண்டார்கள். ஆனால் கம்பெனி கொடுத்த கணக்கைச் சரிபார்க்காமல் அச்சேற்றும் பழக்கம் அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றேதான்.

வயலுக்கும் வந்த வித்தை

இது ஆலைத் தொழிலாளியின் கவலை மட்டும்தானே என்று விவசாயத் தொழிலாளி நண்பர்கள் நினைக்க வேண்டாம். 2008-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றி டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு முழுப் பக்கச் செய்தி வந்தது. பி.டி. பருத்தி விதையால் விவசாயிகள் செழித்தார்கள், அந்தக் கிராமங்களில் தற்கொலையே இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது விதை விற்கும் மஹிகோ-மான்சான்டோ கம்பெனி என்பதும் சின்ன எழுத்தில் இருந்தது. மூன்றாண்டு கழித்து, 2011-ல் அதே எழுத்து அதே பத்திரிகையில் மறுபடியும் வந்தது. இந்த முறை விளம்பரப் பகுதியாக!

கவனியுங்கள். ஒரே எழுத்துதான். முதலில் செய்தி, பிறகு விளம்பரம். இரண்டுக்கும் நடுவே எழுத்து மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. 2012-ல் பி.சாய்நாத் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு பாராளுமன்ற விவசாயக் குழு பாம்ப்ராஜா கிராமத்துக்குப் போனபோது, தங்கள் ஊரில் 14 தற்கொலைகள் நடந்தன என்று விவசாயிகள் எம்.பி.க்களின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பத்திரிகையில் செழித்த ஊர், நேரில் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தது!

இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 2003-ல் அதே பத்திரிகைக் கம்பெனி ‘மீடியாநெட்’ என்று ஒரு பிரிவைத் திறந்து, விழாச் செய்திகளுக்குக் கட்டணம் வைத்தது. 2005 முதல் ‘பிரைவேட் ட்ரீட்டி’ என்று ஒரு ஏற்பாடு: கம்பெனி தன் பங்குகளைக் கொடுக்கும், பத்திரிகை விளம்பர இடம் கொடுக்கும். எந்தக் கம்பெனியில் தனக்குப் பங்கு இருக்கிறதோ, அந்தக் கம்பெனியின் வேலைநிறுத்தத்தைப் பத்திரிகை எப்படி எழுதும்? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கவலைப்பட்டு, 2010-ல் இத்தகைய பங்குகளை வெளிப்படையாக அறிவிக்கச் சொன்னது. அதே ஆண்டு, காசுக்குச் செய்தி போடுவது பற்றிப் பிரஸ் கவுன்சிலின் இருவர் குழு 71 பக்க அறிக்கை எழுதியது. கவுன்சில் அதை முழுமையாக வெளியிடவில்லை. 2011-ல் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே அது வெளிவந்தது. பத்திரிகைகளைக் கண்காணிக்கும் சபையே பத்திரிகை முதலாளிகளின் பெயர்களைச் சொல்லக் கூசியது!

நிருபர் நம் எதிரியா?

இல்லை. இதைத் தோழர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிருபரும் கூலிக்கு உழைக்கிறவர்தான். சம்பளக் கமிஷன் பெறுவதற்கு அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1955-ல் அவர்களுக்கென்று சட்டம் வந்தது. மஜீதியா கமிஷன் சொன்ன சம்பளத்தை முதலாளிகள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகும் அதைப் பெறப் பலர் அலைந்தார்கள். தாலுகா ஊர்களில் எத்தனையோ நிருபர்களுக்கு நிலையான சம்பளமே கிடையாது. செய்தியும் சேகரிக்க வேண்டும், விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். சாயங்காலத்துக்குள் நாலு செய்தி கேட்கும் ஆசிரியருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். தயாராக வந்த குறிப்பு அவர் கையில் விழும்போது, பெட்ரோல் போட்டுக்கொண்டு முப்பது மைல் போய்ப் பந்தலைப் பார் என்று சொல்ல எந்த முதலாளி பணம் தருகிறான்? பசித்தவன் முன்னால் சமைத்த சோற்றை வைப்பதுதான் பி.ஆர். ஏஜென்சியின் தந்திரம். குற்றம் பசித்தவனுடையதல்ல; பசிக்க வைத்தவனுடையது.

“நீங்கள் மட்டும் அறிக்கை தருவதில்லையா?”

இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆம், சங்கமும் பத்திரிகைக் குறிப்பு தருகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடும் பெண் ஒருத்தி, தன் சரக்கு நல்ல சரக்கு என்று நிருபரிடம் சொன்னால் நாம் குறுக்கே நிற்கமாட்டோம். சின்னத் தையற்கூடம் நடத்துகிறவர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. தன் தொழிலைப் பற்றிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு.

நாம் எதிர்ப்பது பேசுவதை அல்ல, மறைத்துப் பேசுவதை. சங்கத்தின் அறிக்கையில் சங்கத்தின் பெயர் இருக்கும். வந்தவர்களை எண்ணிப் பார்க்கலாம். கம்பெனியின் குறிப்போ, நிருபரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. செலவு யாருடையது என்று சொல்வதில்லை. மறுபக்கத்தைக் கேட்டோமா என்று சொல்வதில்லை.

அதோடு நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். நம்மிலும் சிலர் ஐந்நூறு பேர் வந்தால் ஐயாயிரம் என்று எழுதித் தருகிறார்கள். இது கூடவே கூடாது! ஒருமுறை பொய் எண்ணிக்கை கொடுத்தால், அடுத்த முறை உண்மை சொன்னாலும் நிருபர் நம்பமாட்டார். முதலாளிக்குப் பொய்யைத் தாங்கப் பணம் இருக்கிறது. நமக்கு உண்மையைத் தவிர வேறு மூலதனம் இல்லை.

இதுதான் சம்பாதித்த செய்தி

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்யும் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகச் சாய்ந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் இறந்துவிட்டார்களோ என்ற பீதி பரவியது. உண்மை சொல்ல எவரும் முன்வரவில்லை. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஏஜென்சி வைத்தார்களா? ஓட்டலில் நிருபர் கூட்டம் போட்டார்களா? சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவோடு இரவாக உட்கார்ந்தார்கள்! கிராமத்து இளம் பெண்கள். லாரிகள் மைல் கணக்கில் நின்றன. பிறகுதான் உலகப் பத்திரிகைகள் விடுதிகளைத் திரும்பிப் பார்த்தன. நெரிசலான அறைகளும் கழிப்பறை வசதிக் குறைவும் அச்சில் வந்தன. தொழிற்சாலை சில வாரம் மூடியது. விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது.

இதைத்தான் நாம் சம்பாதித்த செய்தி என்போம். தார் ரோட்டில் உட்கார்ந்து, போலீசுக்கு நடுவே விடியும்வரை விழித்திருந்து சம்பாதித்த செய்தி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் அதே தொழிற்சாலை வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்குகிறது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அதன் நிருபர்கள் கம்பெனிக் குறிப்பை நம்பி உட்காரவில்லை. வேலை கேட்டு வந்த பெண்களையும் ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளையும் தேடிப்போய்க் கேட்டார்கள். நல்ல நிருபர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவருக்குத் தகவல் தர நாம் தயாரா?

என்ன செய்வது?

டீக்கடையில் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் நாலு கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னது யார், பெயர் இருக்கிறதா? ‘மடங்கு’, ‘சதவீதம்’ என்றால் யாரோடு ஒப்பிட்டது? நிருபர் போன செலவு யாருடையது? வாசலில் நிற்கும் தொழிலாளியிடம் ஒரு வார்த்தையாவது கேட்டார்களா? நாலுக்கும் பதில் இல்லையென்றால், அது செய்தி அல்ல. காசு வாங்காத விளம்பரம். பக்கத்தில் இருக்கிறவருக்கும் அதை உரக்கச் சொல்லுங்கள்.

ஆனால் படிப்பதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தோழர் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். விபத்து நடந்த தேதி, நேரம், எந்த இயந்திரம். நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர். எத்தனை வாரக் கூலி பாக்கி. சம்பளச் சீட்டின் நகல். எல்லாம் குறித்து வைக்க வேண்டும். நிருபர் வந்தால் கோஷம் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். அவர் எழுதத்தக்க விவரத்தைக் கொடுங்கள். வராவிட்டால் நாமே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். பத்திரிகை போடாவிட்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோம். ஒருவர் எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும்; ஒரு ஷிப்டே எழுதினால் மேஜையில் நிற்கும்.

பஸ்சில் ஏறிப்போன தோழரே, உம் கேள்விக்கு இதுதான் பதில். காசில்லாமல் இடம் கொடுப்பது, நாம் கேள்வி கேட்காமல் படிக்கும் பழக்கம். அதை நிறுத்துவோம். அடுத்த முறை நாம் சந்திக்கும்போது உம் கையில் பத்திரிகையோடு அந்த நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும்.